கட்டிலுக்கடியில் கோடாலிகள்

அலுவலகத்திலிருந்து வந்து முகம் கழுவக் குளியலறைக்குள் போனால் மண்ணெண்ணெய் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. துணி ஊறவைக்கிற வாளியில் கறுப்பாக ஏதோ கிடந்தது. குனிந்து பார்த்தேன். காம்பில்லாத கோடாலித் தலை ஒன்று. துரு உரிந்து வாளியின் அடியில் சேறு மாதிரிப் படிந்திருந்தது.

"இது என்னங்க?" என்று கேட்டேன்.

"கோடாலி" என்றார் என் கணவர். அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். ஓர் அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் துணி காயப்போடுகிற வெராந்தா. கீழே வீட்டுக்கார மாமாவும் மாமியும். எனக்குத் தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் தட்டச்சு வேலை. அவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் டூல் ரூமில் வேலை. மிஷின்களுக்கான வெட்டுக்கருவிகளைச் செய்து, தேய்ந்ததைத் தீட்டிக் கொடுக்கிற வேலை. சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். கல்யாணமான புதிதில் அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்தே எனக்கு வயிறு வலிக்கும்.

அந்த வருஷம் கோடையில் சம்பளத் தகராறு முற்றித் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். திரும்பத் திறந்தபோது சில பேரை மட்டும் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அவரும் அதில் ஒருவர். அவரைப் பற்றி நிர்வாகத்திடம் சொன்னது அவருடைய சூப்பர்வைசர். வேறு யாராவது என்றால்கூடப் பரவாயில்லை. இரண்டு பேரும் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். எங்கள் கல்யாணத்தில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பந்தி விசாரித்தவர் அவர். அந்த மனுஷர்தான், தகராறு நடந்த நாட்களில் இவர் வேண்டுமென்றே கருவிகளைக் கெடுத்துவைத்தார் என்று சொல்லிவிட்டார்.

விஷயம் தெரிந்த அன்று கேட் வாசலில் எல்லார் முன்னாலும் என் கணவர், "உன் கயுத்த அறுக்காம வுடமாட்டேன்டா" என்று கத்தியிருக்கிறார். உடன் வேலை பார்த்தவர்கள் என்னிடம் வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அன்றிலிருந்து அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். கோபமாகவாவது இருந்திருக்கலாம். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிடுவார். மற்ற நேரமெல்லாம் வெராந்தாவில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி ஒன்றிரண்டு மாதம் போன பிறகுதான் ஆடிக்காற்று நாளொன்றில் அந்தக் கோடாலி வந்தது.

முதலில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சுவரைப் பார்ப்பதற்கு இது தேவலை அல்லவா? கோடாலியை எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். எமரித்தாளால் தேய்த்தார். பிறகு அரம். காலையில் நான் கிளம்பும்போது தொடங்குகிற அந்தச் சத்தம் சாயங்காலம் நான் படியேறும்போதும் கேட்கும். மரக்கடையிலிருந்து கருவேலங்கட்டை வாங்கிவந்து காம்பு செதுக்கினார். உடைந்த கண்ணாடித் துண்டை வைத்துச் சுரண்டிச் சுரண்டி அதை வழுவழுவென்று ஆக்கினார். தலையைச் செருகி, மேலே ஆப்பு அடித்து, கவிழ்த்துப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

ஒருநாள் சாயங்காலம் "ஏம்மா, இங்க வா" என்று கூப்பிட்டார். அவர் என்னைக் கூப்பிட்டே வெகுநாள் ஆகியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். கோடாலியை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். வெட்டுவாய்க்குக் கொஞ்சம் மேலே, இரும்பின் குறுக்கே, நீரலை மாதிரி ஒரு மங்கலான கோடு ஓடியது.

"இந்தக் கோடு தெரியுதா? இதுக்கு இந்தாண்ட எஃகு. அந்தாண்ட வெறும் இரும்பு. ரெண்டத்தையும் காய்ச்சி ஒண்ணா அடிச்சிருக்கான். எத்தினி வருசம் துருப்புடிச்சுக் கெடந்திச்சோ, பிரியல பாரு."

அவர் முகத்தில் பழைய சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரியாகிவிடுவார் என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது இடது கையால் அவர் தட்டை நகர்த்தியதைக் கவனித்தேன். மணிக்கட்டுக்கு மேலே ஒரு சாண் அளவுக்கு மயிரே இல்லை. மழித்துவிட்ட மாதிரி இருந்தது.

"கையில என்னங்க?"

"கூர் பாத்தேன்" என்றார்.

கோடாலியால் தன் கையைத் தானே சவரம் செய்து பார்த்திருக்கிறார். மரம் வெட்டுகிறவனுக்கு அவ்வளவு கூர் எதற்கு? அன்றுதான் அந்தக் கேள்வி என் மனதில் விழுந்தது. பிறகு அது போகவே இல்லை.

ஒரு கோடாலியோடு நிற்கவில்லை. இன்னொன்று வந்தது. பிறகு இழைப்புளி, உளிகள், ஒரு வெட்டரிவாள், திரும்பவும் கோடாலிகள். மந்தைவெளிப் பக்கம் ஒரு காயலான் கடை. பழைய இரும்பையும் காகிதத்தையும் எடைக்கு வாங்குகிற கடை. அங்கேதான் எல்லாம் வாங்குகிறார் என்று தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டு போனேன். என்னதான் செய்கிறார் பார்ப்போமே என்று.

இரும்புக் குவியலுக்குள் முழங்கால் போட்டு உட்கார்ந்து தேடினார். கையில் கிடைக்கிற கோடாலித் தலையை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, சிறிய ஆணியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்பார். மணி மாதிரிக் கணீரென்றால் ஒரு பக்கம் வைப்பார். சத்தம் செத்திருந்தால் உள்ளே விரிசல் என்று தூக்கிப் போட்டுவிடுவார். காம்பு நுழைகிற துளைக்குள் விரலை விட்டுத் துழாவுவார். சுத்தியல் மாதிரி அடித்து அடித்துப் பின்பக்கம் நசுங்கியிருந்தால், "பாவிங்க" என்று முணுமுணுப்பார்.

கடைக்காரர் பீடியை இழுத்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார். "இன்னா நைனா, கொயந்தைக்கு ஜொரம் பாக்குற மாரி பாக்குற! இத்தையெல்லாம் எட்துனு போய் இன்னா பண்ற? உன் வூட்ல வெறகு அடுப்பா கீது?"

இவர் அடுத்த கோடாலித் தலையைக் கயிற்றில் கட்டினார்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "யக்கா, தப்பா நெனச்சிக்காத. ஒண்ணு வாங்கினா வெறகு வெட்ட. இத்தினி வாங்கினா இன்னாத்துக்குனு எனக்கே பேஜாரா கீதுக்கா."

விளையாட்டாகத்தான் சொன்னார். வீடு வருகிறவரை அந்தப் பேச்சே என் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

தீட்டி முடித்தவற்றை எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் அடுக்கினார். அந்தக் கட்டிலில்தான் நாங்கள் படுத்தோம். புரண்டு படுத்தால் கீழே இரும்பும் இரும்பும் இடிக்கிற மாதிரி எனக்குத் தோன்றும். தினமும் அலுவலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் குனிந்து கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவுவேன். எல்லாம் இருக்கிறதா? இருந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

அவரிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்று இன்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். கேட்க வாயெடுப்பேன். "இதெல்லாம் எதுக்குங்க?" என்கிற இரண்டு வார்த்தைதான். ஆனால் அவர் நினைக்காத ஒன்றை நான் கேட்டு, அதனாலேயே அவர் நினைக்க ஆரம்பித்துவிட்டால்? வாயை மூடிக்கொள்வேன்.

ஆயுதபூஜை வந்தது. தொழிற்சாலையில் அவர்தான் முன்னால் நின்று மிஷின்களுக்குப் பொட்டு வைப்பார். வீட்டுக்குப் பொரிப் பொட்டலத்தோடு சந்தனம் மணக்க வருவார். இந்த வருஷம் விடியற்காலையிலேயே குளித்துவிட்டு, கட்டிலுக்கடியில் இருந்த எல்லாவற்றையும் எடுத்து வெராந்தாவில் மணைபோட்டு வரிசையாக வைத்தார். சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். எண்ணெய்ப் பூச்சில் குங்குமம் நிற்காமல் கோடாலி வாயோரம் வழிந்து இறங்கியது.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு மாமி கொலுச் சுண்டலை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். வெராந்தா வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். வரிசையாகக் கோடாலிகள், ஒவ்வொன்றின் வாயிலும் சிவப்பு, நடுவில் கண்ணை மூடிக்கொண்டு என் கணவர். மாமி சுண்டல் கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டு என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"என்னடிம்மா இது? உங்காத்துக்காரருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? கார்த்தாலேருந்து சரக் சரக்னு தேச்சிண்டே இருக்கார். எங்காத்து மாமா பின்கட்டுக்குப் போகவே பயப்படறார்."

"பொழுது போகல மாமி. வேலை கிடைச்சதும் சரியாப் போயிடும்."

"பொழுது போகலைன்னா கோவிலுக்குப் போகப்படாதோ? நான் ஒண்ணும் காலி பண்ணச் சொல்லலை. ஆனா நீ பாத்துக்கோ. நன்னா பாத்துக்கோ." மாமி என் தோளைப் பிடித்த பிடியை விடவில்லை. அவருக்கு ஆறுதல் சொல்கிற நிலையில் நான் இல்லை.

பூஜை முடிந்த சில நாட்களில் அவரோடு வெளியேற்றப்பட்ட ஒரு நண்பர் வந்தார். வெராந்தாவில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசினார். என் கணவர் எண்ணெய்க் கல்லில் ஒரு கோடாலியைத் தீட்டிக்கொண்டிருந்தார். வாயில் கோடு ஓடுகிற, முதலில் வந்த அதே கோடாலி.

"உன் தோஸ்த்துக்கு ப்ரமோசன் மச்சி" என்றார் நண்பர். "அடையாறு பஸ் டிப்போவுக்குப் பின்னால வூடு மாறிட்டான்."

கல்லில் ஓடிய கை நின்றது.

"எந்தத் தெரு?"

"டிப்போ தாண்டி ரெண்டாவது தெரு. முனையில புள்ளையார் கோயிலு கீது. பச்ச கேட்டு. இன்னாத்துக்கு கேக்கற?"

"சும்மா."

கை திரும்ப ஓட ஆரம்பித்தது. சமையலறை நிலைப்படியில் நின்றிருந்த நான் அந்தப் பச்சைக் கேட்டை மனதில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் கடைக்குப் போன நேரத்தில் அந்தக் கோடாலியை எடுத்து ஒயர் கூடையில் போட்டு, மேலே ஒரு புடவையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன். மந்தைவெளி தாண்டிக் கால்வாய்ப் பாலம். தண்ணீரில் போட்டுவிட்டால் தீர்ந்தது. பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு, ஆள் நடமாட்டம் குறையட்டும் என்று காத்திருந்தேன். குறையவே இல்லை. சைக்கிளில் வந்த ஒரு போலீஸ்காரர் என்னைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்தார்.

"இன்னாம்மா? ரொம்ப நேரமா தண்ணியையே பாத்துகினு கீற? வூட்ல எதுனா பிரச்சனையா?"

நான் கால்வாயில் குதிக்க நிற்கிறேன் என்று நினைத்துவிட்டார். கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இல்ல சார், பஸ் வரல" என்றேன். அந்தப் பாலத்தில் பஸ் நிற்காது என்று இருவருக்குமே தெரியும். "ஒயுங்கா வூட்டுக்குப் போம்மா" என்று நான் பாலத்தைவிட்டு இறங்கும்வரை நின்று பார்த்தார். கூடையை மட்டும் எட்டிப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்து வழியெல்லாம் வியர்த்தது. கோடாலியைத் துணியில் சுற்றி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

நான்கைந்து நாள் கழித்து அவர் அதை எடுத்துப் பிரித்தார். பளபளவென்றிருந்த இரும்பின் மேல் செம்பழுப்பாகச் சில கறைகள். கிட்டே போய்ப் பார்த்தால் அவை விரல்கள். என் விரல்கள். கைவியர்வை பட்ட இடமெல்லாம் துருவேறி ரேகையோடு பதிந்திருந்தது.

"இத்த யாரு தொட்டது?"

"தூசி தட்டினேங்க."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். எமரித்தாளை எடுத்து அந்த ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகத் தேய்த்து அழித்தார். நான் ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே வந்துவிட்டேன்.

கார்த்திகை மாதம். மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காய்கறி வாங்கிக்கொண்டு வந்து, வழக்கம்போல் குனிந்து கட்டிலுக்கடியில் கையை விட்டேன். முதல் இடம் காலியாக இருந்தது. அந்தக் கோடாலி இல்லை. சுற்றியிருந்த வேட்டித் துணி மட்டும் மடித்து வைத்திருந்தது. வெராந்தாவில் அவர் இல்லை. ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டை இல்லை.

கீழே ஓடிவந்து மாமியிடம் கேட்டேன். "இப்பத்தாண்டி போனார். கையில கோணிப்பை மாதிரி என்னமோ சுத்தி வெச்சிண்டிருந்தார். எங்கேன்னு கேட்டேன், அடையாறுன்னார்" என்றார் மாமி.

பணப்பையைத் தவிர வேறெதையும் எடுக்கவில்லை. முனையில் நின்ற ஆட்டோவில் ஏறி டிப்போ என்றேன். "சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்க" என்று நான் சொல்லச் சொல்ல, ஓட்டுநர் யாருக்கோ உடம்பு மோசம் என்று நினைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியாம்மா?" என்று கேட்டார். அடையாற்றுப் பாலத்தின் மேல் வண்டிகள் தேங்கி நின்றன. கீழே ஆறு மழைத்தண்ணீரோடு பழுப்பாக ஓடியது. அந்தப் பாலத்தில் நின்ற நேரத்துக்குள் எல்லாவற்றையும் மனதுக்குள் பார்த்துவிட்டேன். பச்சைக் கேட், கத்தல், கூட்டம், போலீஸ் வண்டி, சிறைக் கம்பிக்குப் பின்னால் அவர், ஒரு பெண்மணியின் அழுகை. சூப்பர்வைசரின் மனைவி எங்கள் கல்யாணத்தில் எனக்குத் தலை பின்னிவிட்டவள். அவளுடைய முகம் மட்டும் எனக்குச் சரியாக ஞாபகத்துக்கு வரவில்லை. அது ஏனோ மற்ற எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

பிள்ளையார் கோவில் முனையில் இறங்கினேன். தெருவின் நடுவில் அந்தப் பச்சைக் கேட். அதன் முன்னால் என் கணவர் நின்றிருந்தார். உள்ளே வாசற்படியில் லுங்கியும் பனியனுமாக சூப்பர்வைசர், கையில் செய்தித்தாள். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அதைப் பார்த்ததும் ஓடினேன். என் கணவர் கோணியின் வாயைப் பிரித்துக் காம்பைப் பிடித்து வெளியே இழுக்க ஆரம்பித்தார். சூப்பர்வைசர் ஒரு படி பின்னால் ஏறினார்.

பின்னாலிருந்து பாய்ந்து கோணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். யார் என்று தெரியாமல் அவரும் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்தார்.

வலி தெரியவில்லை. வலது கையில் ஏதோ சூடாக ஓடிய மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பார்த்தால் கோணி சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது. உள்ளங்கையின் குறுக்கே காயம் வாய் பிளந்திருந்தது. அவர் தீட்டிய கூர் கோணியையும் என் கையையும் ஒரே இழுப்பில் அறுத்துவிட்டது.

"ஐயோ, நீயா!" என்றார் என் கணவர். கோடாலி தார் ரோட்டில் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கேட் திறந்தது. சூப்பர்வைசர் கொடியில் கிடந்த துண்டை எடுத்துவந்து என் கையைச் சுற்றி இறுக்கினார். "கைய மேல தூக்கிப் புடி தங்கச்சி, எறக்காத" என்றார். அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் வந்த ஆட்டோ இன்னும் போகாமல் நின்றிருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து போனேன். ஒரு பக்கம் சூப்பர்வைசர் என் கையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தார். மறுபக்கம் என் கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கண்ண மூடாத, கண்ண மூடாத" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பக்கத்தில் ஒரு சிறிய நர்சிங் ஹோம். டாக்டர் துண்டைப் பிரித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"இது எப்படி ஆச்சு? என்ன ஆயுதம்?"

டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "போலீஸுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். யார் செஞ்சது?"

கையில் வலி அப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தது. ஆனால் என் மனம் முழுக்க சூப்பர்வைசரின் வாயில் இருந்தது. கேட் வாசலில் எல்லார் முன்னாலும் கழுத்தை அறுப்பேன் என்றவன், வீடு தேடிக் கோடாலியோடு வந்திருக்கிறான். அவர் உள்ளதைச் சொன்னாலே போதும். என் கணவர் தலை நிமிரவில்லை.

"எங்க வீட்ல முருங்க மரம் ஒண்ணு மழையில சாஞ்சிடுச்சு சார்" என்றார் சூப்பர்வைசர். "வெட்டித் தரச் சொல்லி நாந்தான் கூப்ட்டேன். கோணியில கோடாலி இருக்கறது தெரியாம தங்கச்சி புடிச்சிடுச்சு. யாரும் செய்யல சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"ஆமா டாக்டர்" என்றேன்.

அவர் நம்பினாரா என்று தெரியாது. ஊசி போடச் சொல்லிவிட்டார். நரம்பு அறுந்திருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று கட்டுப்போட்டு அனுப்பினார். வேறு ஆட்டோ பிடிக்க என் கணவர் ரோட்டுக்குப் போன நேரத்தில் சூப்பர்வைசர் என் அருகில் பெஞ்சில் உட்கார்ந்தார். பனியன் முழுக்க என் ரத்தம்.

"தங்கச்சி, வெளிய அனுப்பற லிஸ்ட்ல என் பேரு இருக்கணுமா, அவன் பேரு இருக்கணுமான்னு மேனேஜ்மென்ட்ல கேட்டாங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க" என்றார். பிறகு, "அவன் கை வேலையப் பத்தி நான் சொன்னது பொய்தான்" என்றார்.

எனக்கு மன்னிக்கவும் தோன்றவில்லை, திட்டவும் தோன்றவில்லை. ஆட்டோ வந்தது. அவர் எங்களோடு ஏறவில்லை. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்ததே இல்லை.

அறுவைச் சிகிச்சை செய்து நரம்பைச் சேர்த்தார்கள். ஆனாலும் மோதிர விரலும் சுண்டு விரலும் சரியாக மடங்கவில்லை. தட்டச்சு போயிற்று. அலுவலகத்தில் நல்லவர்கள், தபால் பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். வீட்டில் அவர்தான் சமைத்தார். எனக்குத் தலை பின்னிவிட்டார், கோணல்மாணலாக. கட்டிலுக்கடியில் இருந்தவற்றையெல்லாம் நான் சொல்லாமலே எடுத்து வெராந்தாவுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார். சில மாதங்களில், தி. நகரில் கடைகளுக்கு மரவேலை செய்கிற ஆசாரிகள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவர் தீட்டிய உளியும் இழைப்புளியும் ஒவ்வொன்றாகப் போயின. அவர்கள் தங்கள் பழைய கருவிகளையும் தீட்டக் கொடுத்தார்கள். அதுவே அவருக்குத் தொழிலாயிற்று. கோடாலி மட்டும் யார் கொடுத்தாலும் வாங்கமாட்டார்.

அதற்காக என் பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வெராந்தாவில் அரம் உரசுகிற சத்தம் திடீரென்று நின்றால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

விரல்களுக்குப் பயிற்சி கொடுக்க வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். அப்படி ஒருநாள் திரும்பும்போது, பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயிலில் நின்றுகொண்டு ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு எதுக்குங்க போனீங்க?"

அவர் ஆச்சரியப்படவில்லை. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரிச் சொன்னார்.

"காட்டத்தான் எட்துகினு போனேன். கருவிய கெடுத்தவன்னு சொன்னான்ல? இத்தப் பாருடா, இது கெடுக்கறவன் செய்யற வேலையான்னு கேக்கணும்னு போனேன்."

"அவ்வளவுதானா?"

எதிர்ப்பக்கம் ஒரு பஸ் நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. அது போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"போறப்ப அவ்ளோதான். அவன் மூஞ்சியப் பாத்ததும்... தெர்ல. காட்டிட்டு வந்திருப்பனா, வேற எதுனா பண்ணியிருப்பனான்னு நானும் யோசிச்சிப் பாத்துட்டேன். சத்தியமா தெர்ல."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிறுத்தத்துக் கம்பியில் சாய்ந்துகொண்டேன்.

"இனிமே எங்க போனாலும் எங்கிட்டச் சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

தலையாட்டினார். அதற்குப் பிறகு தெருமுனைக் கடைக்கு வாழைப்பழம் வாங்கப் போனாலும், "போய்ட்டு வரேன், பழம் வாங்கத்தான்" என்று சமையலறைக்குள் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போவார். சில நாள் எனக்கே எரிச்சலாக இருக்கும்.